அறுக்க முடியாத வளையம்

வளையத்தை அறுக்க முடியாது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு காரணத்தால்தான் நடந்தது.

அறுக்க முடிந்திருந்தால் சில லாரிகளில் ஏற்றி, இரண்டு மூன்று நாளில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலிருந்து இல்லினாய் மாநிலத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருப்பார்கள். சாலை வழியே போனால் சுமார் 1,500 கிலோமீட்டர்தான். அறுக்க முடியாததால் அது 5,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. கடலில் இறங்கி, ஃபுளோரிடாவின் முனையைச் சுற்றி, மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து, ஆறு ஆறாக வடக்கே ஏறி, கடைசியில் மூன்று இரவுகள் சாலையில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. மொத்தம் 35 நாள். 2013ஆம் ஆண்டின் கோடையில் நடந்த பயணம் அது.

பொருள் என்னவென்றால், ஒரு காந்தத்தின் சுருள். குறுக்களவு 15 மீட்டர். நடுத்தரமான ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம். உள்ளே அலுமினியமும் மீகடத்திக் கம்பியும் சுற்றுச் சுற்றாகப் போகின்றன. திரவ ஹீலியத்தால் குளிரவைத்து 5,000 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் செலுத்தினால் துளிகூட மின்தடை இல்லாமல் ஓட வேண்டும். கம்பியை எங்காவது ஒரு இடத்தில் வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டில் தடை வந்துவிடும், சூடு வரும், சூடு வந்தால் மீகடத்தல் போய்விடும். வெட்டக் கூடாது என்பது மட்டுமல்ல, முறுக்கவும் கூடாது. இத்தனை பெரிய வளையம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள் கெட்டுப்போகலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு மூன்று அரிசி மணிகளை அடுக்கி வைத்த கனம் அது.

எதற்காக இவ்வளவு பாடு? இதே மாதிரி இன்னொன்று செய்துகொள்ளக் கூடாதா? அதற்குப் பதில் சொல்ல, இந்த வளையம் எந்தக் கேள்விக்காகப் பிறந்ததோ அந்தக் கேள்விக்குப் போக வேண்டும்.

பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். சாட்டையிலிருந்து விடுபட்டதும் நிமிர்ந்து சுற்றும். வேகம் குறையக் குறையத் தலையை ஆட்டத் தொடங்கும். தலை வட்டம் போடும் வேகம் பம்பரத்தின் உருவத்தையும் எடையையும் சுழற்சியையும் பொறுத்தது. எலெக்ட்ரான், மியூவான் போன்ற துகள்களும் ஒருவகைப் பம்பரங்கள். சுழற்சி உண்டு, அதனால் தாமே சிறு காந்தங்களாகவும் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் பட்டால் தலையாட்டுகின்றன. எவ்வளவு வேகமாக ஆட்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஓர் எண்ணுக்கு ஜி என்று பெயர். 1928இல் டிராக் எழுதிய சமன்பாடு அந்த எண் சரியாக 2 என்று சொன்னது.

சரியாக 2 இல்லை. வெற்றிடம் என்று நாம் சொல்வது வெறுமையாக இல்லை. துகள்கள் கணநேரம் தோன்றி மறைந்தபடி இருக்கின்றன. அந்தத் தோன்றி மறையும் கூட்டம் பம்பரத்தைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அதனால் ஜி 2ஐவிடக் கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடும் என்று 1948இல் முதலில் கணக்கிட்டவர் ஜூலியன் ஷ்விங்கர். அந்தக் கூடுதலில் பாதி 0.00116 என்று வந்தது. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் ஆல்ஃபா என்ற எண்ணை இரண்டு பையால் வகுத்தால் கிடைக்கும் எண். மாசசூசெட்ஸில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதருடைய பெயருக்கு மேலே வைக்கத் தகுதியானது என்று அந்தக் குடும்பம் கருதிய எண் அது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்த 0.00116க்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. நாம் அறிந்த எல்லாத் துகள்களும் அந்த இலக்கங்களில் தம் பங்கைச் சேர்க்கின்றன. நாம் அறியாத துகள் ஏதாவது இயற்கையில் இருந்தால் அதுவும் சேர்க்கும். ஆகவே கணக்கிட்டுப் பார்த்த எண்ணும் அளந்து பார்த்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், கணக்கில் வராத யாரோ அங்கே இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு எலெக்ட்ரானைவிட மியூவான் ஏற்றது. எலெக்ட்ரானைப் போல 207 மடங்கு கனம். கனத்த புதிய துகளின் தொடுகையை உணர்வதில் அது எலெக்ட்ரானைவிட 40,000 மடங்குக்கு மேல் கூர்மையானது.

மியூவான் ஏதோ ஆய்வகத்தில் மட்டும் கிடைக்கும் அபூர்வப் பொருள் அல்ல. 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் அதை முதலில் கண்டது வானிலிருந்து விழும் கதிர்களில். இதைப் படிக்கும் உங்கள் உள்ளங்கையை நீட்டினால், சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் வழியே மியூவான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. உதகமண்டலத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 மையத்தில் 3,700க்கும் மேற்பட்ட குழாய்க் கருவிகள் இரவும் பகலும் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2014 டிசம்பரில் ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தால் மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாக அங்குள்ளவர்கள் கணித்தார்கள். இடிமேகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த துகள், வெற்றிடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லுமா என்பதுதான் இந்த வளையத்தின் வேலை.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1959 முதல் 1979 வரை மூன்று முறை இந்த எண்ணை அளந்தார்கள், ஒவ்வொரு முறையும் முன்னைவிட நுட்பமாக. அடுத்த முறை அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வந்தது. லாங் ஐலண்டில், ஒரு காலத்தில் ராணுவ முகாமாக இருந்த நிலத்தில், 1947இல் எழுந்த ஆய்வகம் அது. யேல் பல்கலைக்கழகத்தின் வெர்னன் ஹியூஸ் முன்நின்றார். காந்தத்தை வடிவமைத்தவர் கோர்டன் டான்பி. மீகடத்திக் காந்தங்களின் மீது மிதந்தோடும் ரயிலை 1960களில் ஜேம்ஸ் பவலோடு சேர்ந்து கற்பனை செய்து காப்புரிமை பெற்றவரும் இவர்தான். ரயிலை மிதக்கவைக்க யோசித்த அதே மூளை மியூவானைச் சுற்றவைக்கவும் யோசித்தது.

டான்பியின் காந்தத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து சி. வாய் உட்பக்கம் திறந்திருக்கும். இரும்புப் பகுதி 12 துண்டுகளாகச் செய்யப்பட்டது. மொத்தம் 600 டன்னுக்கு மேல். இரும்பைத் துண்டு துண்டாகச் செய்யலாம், சுருளை அப்படிச் செய்ய முடியாது. வெளியிலிருந்து செய்து கொண்டுவரவும் முடியாது, எந்தச் சாலையிலும் நுழையாத அகலம். ஆகவே ஆய்வகத்திலேயே, அது இருக்கப்போகும் இடத்திலேயே சுற்றினார்கள். அதைச் செய்தவர்கள் யாரும் அது ஒரு நாள் வெளியே போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வளையத்துக்குள் மியூவான்கள் 7.1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடின. ஒரு சுற்றுக்கு 149 நானோ வினாடி. அசையாமல் இருக்கும் மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ வினாடிதான். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுவதால் ஐன்ஸ்டைன் சொன்னபடி அதன் கடிகாரம் மெதுவாகி, 64 மைக்ரோ வினாடி வரை நீள்கிறது. ஜி சரியாக 2 என்று இருந்தால், மியூவான் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையைப் பார்த்தபடி அதன் சுழலச்சும் கூடவே திரும்பும். 2ஐவிடச் சற்று அதிகம் என்பதால் அச்சு கொஞ்சம் முந்திப் போகிறது: ஒவ்வொரு சுற்றிலும் 12 பாகை, 29 சுற்றுக்கு ஒரு முழு வட்டம். இந்த முந்தலைத்தான் அளக்க வேண்டும். மியூவான் சிதையும்போது வெளிவரும் துகள் வளையத்தின் உட்பக்கமாகச் சரிந்து விழும். சி எழுத்தின் வாய் உள்ளே திறந்திருப்பது அதைப் பிடிக்கத்தான். பிடிபடும் துகள்களின் எண்ணிக்கை ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைபோல் போகும். அந்த அலையின் ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே உள்ள நேரமும், காந்தப்புலத்தின் வலிமையும் தெரிந்தால் எண் கிடைத்துவிடும்.

1997 முதல் 2001 வரை புரூக்ஹேவனில் அளந்தார்கள். 2001 பிப்ரவரியில் முடிவொன்றை வெளியிட்டபோது உலகமே நிமிர்ந்து பார்த்தது. கணக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கணக்கின் பக்கம் ஒரு பிழை வெளிப்பட்டது. கோட்பாட்டின் ஒரு சிறு பகுதியில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது. திருத்தியதும் இடைவெளி குறைந்தது, ஆனால் மறையவில்லை. 2006இல் வந்த இறுதிக் கட்டுரையின் எண் 0.00116592080. பத்து லட்சத்தில் அரைப் பங்கு மட்டுமே ஐயம். கணக்கோடு ஒப்பிட்டால் மிச்சம் இருந்த இடைவெளி, ஒரு கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப் போதாது, தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது.

அந்த நிலையில் சோதனை முடிந்துபோனது. மேற்கொண்டு அளக்கப் பணமில்லை. ஹியூஸ் 2003இல் காலமானார். வளையம் அது பிறந்த கட்டடத்திலேயே பத்தாண்டுக்கும் மேல் சும்மா கிடந்தது.

இந்தப் பத்தாண்டை நான் வேகமாகக் கடந்துவிட விரும்பவில்லை. விடை கிடைத்த கேள்வியை விட்டுவிடலாம். தவறென்று தெரிந்த கேள்வியையும் விட்டுவிடலாம். பாதியில் நிற்கும் கேள்வியை மனசு விடாது. டேவிட் ஹெர்ட்ஸாக், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லீ ராபர்ட்ஸ் போன்றவர்கள் இதை விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு நிதிக்குழுவின் முன்னாலும் மீண்டும் அளக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புரூக்ஹேவனில் கிடைத்ததைவிடப் பல மடங்கு மியூவான் வேண்டும். அதைத் தரக்கூடிய இடம் சிகாகோவுக்கு மேற்கே, புல்வெளியில் காட்டெருமைகள் மேயும் ஃபெர்மி தேசிய ஆய்வகம். அங்கே டெவட்ரான் என்ற பெரிய முடுக்கி 2011 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதற்கு எதிர்ப்புரோட்டான் சேகரித்துக் கொடுத்த சிறிய வளையங்கள் வேலையின்றி நின்றன. அவற்றை மியூவான் தயாரிக்கப் பயன்படுத்தலாம். ஆக, ஒரு கரையில் காந்தம் இருந்தது, மறு கரையில் மியூவான் இருந்தது. புதிய காந்தம் செய்ய ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்குப் பழையதை எடுத்துவர முடியும் என்று கணக்குப் போட்டார்கள்.

பணம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. டான்பியின் காந்தம் உலகத்தில் அந்த அளவில் அவ்வளவு சீரான புலம் தரும் ஒரே காந்தம். அதைக் கையாண்டு பழகியவர்கள் இன்னும் இருந்தார்கள். பிசகு எங்கெல்லாம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அனுபவம் என்பது மனிதர்களிடம் மட்டும் இருப்பதில்லை, அவர்கள் புழங்கிய பொருளிலும் பாதி தங்கியிருக்கிறது.

இரும்புத் துண்டுகள் லாரிகளில் தனித்தனியே கிளம்பின. சுருளுக்கு மட்டும் தனி ஏற்பாடு. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கச் சிவப்பு நிறத்தில் ஓர் இரும்புச் சட்டகம் செய்து அதனோடு பிணைத்தார்கள். மழை படாமல் வெள்ளை நிறப் பிளாஸ்டிக்கால் முழுக்கப் போர்த்தினார்கள். அடியில் பல அச்சுகள் கொண்ட வண்டி. சாலையில் மேடுபள்ளம் வந்தால் எண்ணெய் அழுத்தத் தூண்கள் ஏறி இறங்கி மேலே உள்ளதை மட்டமாகவே வைத்திருக்கும். 2013 ஜூன் 22ஆம் தேதி அது தன் கட்டடத்தைவிட்டு வெளியே வந்தது. ஜூன் 24ஆம் தேதி இரவு புரூக்ஹேவனின் வாசலைத் தாண்டியது.

அந்த இரவின் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் காவல்துறை வண்டிகளின் விளக்குகள். நடுவில், சாலையின் இரு ஓரத்தையும் நிறைத்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு பெரிய வட்டம். மனிதர் நடக்கும் வேகத்தில் போகிறது. பக்கத்தில் ஆட்கள் நடந்தே வருகிறார்கள். கண்கள் எல்லாம் சக்கரத்தின் மேல். தேரோட்டம் பார்த்த யாருக்கும் அந்தக் காட்சி புதிதாக இருக்காது. வீதியின் மூலையில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர் இருப்பாரே, வடம் பிடிக்கும் ஆயிரம் பேரையும் பார்க்காமல் சக்கரத்தின் அடியை மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

விடியும்போது தீவின் தென்கரையில் பார்ஜ் ஒன்று காத்திருந்தது. அதில் ஏற்றினார்கள். இழுவைப் படகு பார்ஜை அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே கூட்டிப்போனது. வானிலை மோசமானபோது கரையொதுங்கி நின்றது. புயல் காலம் தொடங்கிவிட்டிருந்தது. கடல் தூக்கிப் போட்டால் 3 மில்லிமீட்டர் என்ற கணக்கெல்லாம் நிற்காது. குலுக்கத்தைப் பதிவு செய்யும் உணரிகளைச் சட்டகத்தில் பொருத்தியிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் இணையத்தில் படகின் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஃபுளோரிடாவைச் சுற்றி, அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தில் ஆற்றுக்குள் நுழைந்தபோதுதான் அவர்களுக்கு மூச்சு வந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு ஆறுகள். டாம்பிக்பீ ஆற்றையும் டென்னசி ஆற்றையும் இணைக்க வெட்டிய கால்வாய், டென்னசி, ஒஹையோ, மிசிசிப்பி, இல்லினாய், டெஸ் பிளெயின்ஸ் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி, நீர்ப்பூட்டுகளில் படிப்படியாக ஏறி, நாட்டின் நடுவுக்கு வந்தது. நியூயார்க்கின் உப்புக் காற்றில் கிளம்பியது சோளக்கொல்லைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஜூலை 20 வாக்கில் சிகாகோவுக்குத் தென்மேற்கே லெமான்ட் என்ற ஊரை அடைந்தது.

கடைசிக் கட்டம் தூரத்தில் குறைவு, கவலையில் அதிகம். நெடுஞ்சாலையை இரவில் மட்டும் மூடலாம். பகலில் நிற்க வேண்டும். சுங்கச்சாவடியின் மேல் வளைவுக்கும் தூண்களுக்கும் நடுவே நுழையும்போது பக்கத்துக்குச் சில அங்குலமே இடைவெளி. மூன்று இரவுகள் இப்படிப் போய், ஜூலை 26ஆம் தேதி விடிவதற்கு முன் ஃபெர்மி ஆய்வகத்தின் வாசலுக்குள் நுழைந்தது.

அன்று மாலை நடந்ததை எந்தப் பொறியாளரும் திட்டமிட்டிருக்க முடியாது. சுமார் 3,000 பேர் வளையத்தைப் பார்க்க வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு. அதற்குள் என்ன இருக்கிறது, அது எதை அளக்கப்போகிறது என்பது வந்தவர்களில் பலருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. தெரியாவிட்டாலும் வந்தார்கள். தங்கள் வீட்டு வழியாக நள்ளிரவில் இப்படி ஒரு பொருள் போகிறது, அதற்காக இத்தனை பேர் இத்தனை கவனமாக நடக்கிறார்கள் என்பதே அவர்களை அழைத்துவரப் போதுமாக இருந்தது.

வந்து சேர்ந்ததோடு வேலை முடிந்ததாக நினைத்தால் அது தவறு. வளையத்துக்கான கட்டடம் அப்போது தயாராகவில்லை. ஓராண்டு வெளியிலேயே போர்வைக்குள் காத்திருந்து, 2014 ஜூலை இறுதியில்தான் உள்ளே நுழைந்தது. இரும்பை அடுக்கி, சுருளை வைத்து, குழாய்களை இணைத்து, ஹீலியத்தைச் செலுத்தினார்கள். பத்தாண்டுக்கும் மேல் தூங்கி, கடலிலும் சாலையிலும் குலுங்கி வந்த சுருள் இன்னும் மீகடத்துமா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. 2015 செப்டம்பரில் முழு மின்சாரமும் ஏறியது. புலம் 1.45 டெஸ்லாவில் நின்றது. சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து வந்த பத்துப் பதினோரு மாத வேலைதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. காந்தப்புலம் வளையம் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். இரும்பு ஓரிடத்தில் தலைமுடி அகலத்துக்கு உயர்ந்திருந்தால்கூடப் புலம் மாறிவிடும். 72 துருவத் தகடுகளை ஒவ்வொன்றாக மட்டம் பார்த்தார்கள். 864 இரும்பு ஆப்புகளை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். அளப்பார்கள், காந்தத்தை நிறுத்துவார்கள், ஆப்பை நகர்த்துவார்கள், மறுபடி ஏற்றுவார்கள், அளப்பார்கள். மிச்சமிருந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்ய 8,000க்கும் மேற்பட்ட மெல்லிய இரும்புத் தகடுகளை, எந்த இடத்தில் எத்தனை அகலம் என்று கணினியில் கணக்கிட்டு, துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். பெரும்பாலும் ஆய்வு மாணவர்களின் கைவேலை. 2016 ஆகஸ்ட்டில் முடித்தபோது புரூக்ஹேவனில் இருந்ததைவிட மூன்று மடங்கு சீரான புலம் கிடைத்தது. அதே காந்தம்தான். முன்பு செய்தவர்களைவிடப் பொறுமையாக இன்னொரு தலைமுறை அதன் முன்னால் உட்கார்ந்தது, அவ்வளவே.

புலத்தை அளக்க ஒரு சின்ன வண்டி இருக்கிறது. மியூவான் ஓடும் அதே பாதையில், வெற்றிடத்துக்குள், சில நாளுக்கு ஒருமுறை வளையத்தைச் சுற்றி வரும். அதில் 17 உணரிகள். ஒவ்வோர் உணரியின் உள்ளேயும் இருப்பது பெட்ரோலியம் ஜெல்லி. பனிக்காலத்தில் உதட்டில் தடவிக்கொள்கிறோமே, அதே சாதி. அதிலுள்ள புரோட்டான்கள் தலையாட்டும் வேகத்தைக் கொண்டு புலத்தைச் சொல்கிறார்கள். வண்டி ஓடாத நேரத்தில் சுவரோடு பொருத்திய 378 உணரிகள் காவல் இருக்கின்றன. மியூவான் சிதைந்து வரும் பாசிட்ரான் என்ற துகள்களைப் பிடிக்க 24 இடங்களில் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 54 ஈய ஃபுளோரைடு படிகங்கள். காந்தத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாமே புதிது. முந்திய சோதனை தவறியிருந்தால் அந்தத் தவறு மறுபடி நுழையாமலிருக்க அதுதான் வழி.

2018இல் முதல் கட்டப் பதிவு தொடங்கியது. அந்தக் கட்டத்தில் மின்புலம் தரும் கருவியின் 32 மின்தடைகளில் இரண்டு பழுதாகியிருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அதன் விளைவைக் கணக்கில் பிரித்தெடுக்கவே பெருமுயற்சி தேவைப்பட்டது. அரங்கின் வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்கியபோது இரும்பு விரிந்து சுருங்கிப் புலம் நகர்ந்தது. காந்தத்துக்குக் கம்பளி போர்த்துவதுபோல் வெப்பக்காப்புப் போர்வை போர்த்தினார்கள்.

இன்னொரு கவனத்தைச் சொல்ல வேண்டும். எண்ணை எதிர்பார்த்து அளக்கிற மனிதன் தன்னையறியாமல் அந்த எண்ணின் பக்கமே சாய்வான். இதைத் தவிர்க்க, மியூவானின் தலையாட்டலை அளக்கும் கடிகாரத்தையே வேண்டுமென்று சற்றுத் தவறாக ஓடவைத்தார்கள். எவ்வளவு தவறு என்பது குழுவுக்கு வெளியே இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அந்த எண்ணைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி வைத்தார்கள். இருநூறு பேர் பல ஆண்டுகள் உழைத்து ஆராய்ந்த ஒவ்வோர் எண்ணும், உறை திறக்கும்வரை பொருளற்ற எண். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்தது, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே திறக்கலாம்.

2021 பிப்ரவரி 25. பெருந்தொற்றுக் காலம், ஒருவரும் ஓரிடத்தில் கூட முடியாது. கணினித் திரைகளில் சிறு சிறு கட்டங்களாக முகங்கள். உறை பிரிந்தது, எண்ணைக் கணக்கில் இட்டார்கள். வந்த விடை புரூக்ஹேவனின் விடையோடு ஒத்துப்போனது. இருபதாண்டுக்கு முன் அளந்தவர்கள் தவறவில்லை. அந்தக் கட்டங்களில் சிலர் அப்போதும் இருந்தவர்கள். உலகத்துக்கு அறிவித்தது ஏப்ரல் 7ஆம் தேதி. இரண்டு அளவீட்டையும் சேர்த்தால் அன்றைய கணக்கோடு இருந்த இடைவெளி இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. புதிய துகள், புதிய விசை என்று செய்தித்தாள்கள் எழுதின.

அதே நாளில் வேறொரு கட்டுரையும் வெளிவந்தது. வெற்றிடத்தில் குவார்க்குகளின் பங்கை மீக்கணினியில் நேராகக் கணக்கிட்ட பிஎம்டபிள்யூ என்ற குழு, கோட்பாட்டு எண் அதுவரை நினைத்திருந்ததைவிடக் கூடுதல் என்றது. அதாவது அளந்த எண்ணுக்கு அருகில். அன்று அதற்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் வேறு வேறு குழுக்களும் வேறு வழிகளில் கணக்கிட்டு அதே பக்கம் வந்து சேர்ந்தன. 2025 மே மாதம் கோட்பாட்டாளர்கள் கூடி எழுதிய அறிக்கையில் எண் நகர்ந்துவிட்டது.

வளையத்தில் மியூவான் ஓட்டம் 2023 ஜூலையில் நின்றது. புரூக்ஹேவனில் சேர்த்ததைப்போல 21 மடங்குக்கும் மேல் பதிவு சேர்ந்திருந்தது. 2025 ஜூன் 3ஆம் தேதி இறுதி எண்ணை அறிவித்தார்கள்: 0.001165920705. ஐயம் நூறு கோடியில் 127 பங்கு. தொடங்கும்போது எட்ட நினைத்த இலக்கு 140. புதிய கோட்பாட்டு எண்ணோடு ஒப்பிட்டால் முரண்பாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கின் ஐயம் அளவீட்டின் ஐயத்தைவிட நான்கு மடங்கு பெரியது. ஆகவே இப்போது பின்தங்கி நிற்பது கணக்குதான்.

இதைக் கேட்டுச் சிலர், கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 0.00116592080 என்று ஒரு தலைமுறை எழுதியது. கணக்குப் பக்கம் இருபதாண்டுக்கு மேல் அலைமோதியபோதும் அந்த எண் தன் ஐயத்தின் எல்லைக்குள் அப்படியே நின்றது. கழித்தல் குறி மாறியது, கணக்கு முறை மாறியது, வளையம் ஒரு கடலையும் ஆறேழு ஆறுகளையும் கடந்தது. எண் நகரவில்லை. கணக்கிட்டவர்களைத் திரும்பத் திரும்பத் தங்கள் தாளைப் பார்க்கவைத்தது அந்த நகராத எண்தான். எந்தப் புதிய துகளைப் பற்றிய கற்பனையும் இனி அதற்குக் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த அளவீட்டுக்கு ஜப்பானின் தோக்காய் கடற்கரையில், ஜே-பார்க் ஆய்வகத்தில் தயாராகிவருகிறார்கள். இந்த முறை முற்றிலும் வேறு வழி. மியூவான்களை முதலில் கிட்டத்தட்ட நிற்கவைத்து, பிறகு மெல்ல முடுக்கி, மருத்துவமனை ஸ்கேன் எந்திரம் போன்ற 3 டெஸ்லா காந்தத்துக்குள் விடப்போகிறார்கள். அங்கே மியூவான் ஓடப்போகும் வட்டத்தின் குறுக்களவு 66 சென்டிமீட்டர்.